சிங்க்குக்குக் கீழே ஒரு தட்டு

"எங்கம்மா சாப்பிட்ட தட்டு இது. நீங்க கழுவுங்க மாமா."

சொல்லிவிட்டேன்.

ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. மாமனார் தேவசிகாமணி வெற்றிலைக்குத் தடவச் சுண்ணாம்பு எடுத்த விரலோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் சேலத்திலிருந்து வந்த விருந்தாளி. ஜன்னலோரம் என் புருஷன் கமலக்கண்ணன். சமையலறை வாசலில் ஈரக் கையோடு அம்மா.

டீப்பாய் மேல், பாக்குத் தட்டுக்குப் பக்கத்தில், நான் கொண்டுவந்து வைத்த எச்சில் தட்டு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா எனக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான். "நகை கேளு, சீலை கேளு, தனி ஊடு வேணும்னாக்கூடக் கேளு கண்ணு. அந்த ஊட்டு ஆம்பளைங்களைச் சிங்குகிட்ட மட்டும் கூப்புட்டுப்போடாதே. எஸ்டேட்டுல ரைட்டரு உத்தியோகம் பாத்த மனுசரு. எச்சத் தட்டுல கை வெக்கச் சொன்னீன்னா, அன்னைக்கோட உன்னை மருமகளா நெனைக்க மாட்டாங்க."

அதைத்தான் கேட்டேன். அதுவும் விருந்தாளி முன்னால்.

காலையிலிருந்து சொன்னால்தான் புரியும்.

*

எஸ்டேட் பங்களாவை ரிசார்ட்காரர்கள் வாங்கினார்கள், அம்மாவுக்கு அங்கே இருந்த சமையல்கட்டு வேலையும் போனது, எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீடும் போனது. அப்போது மழைக்காலம். ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு துணிப்பையோடும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "பத்து நாளைக்கு கண்ணு" என்றாள். மழை விட்டது, பனி வந்தது. அம்மா இங்கேதான் இருக்கிறாள்.

கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் பெற்றவள் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் பெரிய கூச்சம். ஒரு வேளை கை நனைக்கவே யோசிப்பார்கள். அதனால் அம்மா உட்காரவே இல்லை. வந்த அன்றே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகச் சிங்க் முன்னால் போய் நின்றாள்.

சிங்க் என்றால் அப்படி ஒரு சிங்க். வீட்டில் பெண் என்று நான் ஒருத்தி. மாமியார், கண்ணன் படிக்கிற காலத்திலேயே போய்விட்டார். அப்பாவும் மகனும் சாப்பிட்ட தட்டை மிச்சச் சோற்றோடு அதில் போடுவார்கள். கூட்டுறவு வங்கிக்கு ஓடுகிற அவசரத்தில் நானும் டிபன் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடுவேன். வீட்டு வேலைக்கு வருகிற பூவாயி அக்கா வந்து தேய்க்கிற வரைக்கும் டீத்தூளும் முருங்கைச் சக்கையும் மிதந்துகொண்டிருக்கும். ஓட்டை அடைத்துக்கொள்ளும். சோப்பு கரைந்து கூழாகிக் கிடக்கும். அடியில் பக்கெட்டு, கிழிந்த துணி, காலி பாட்டில், கரப்பான்.

அம்மா ஒரு வாரத்தில் அதை வேறு இடமாக்கிவிட்டாள்.

இடது பக்கம் அழுக்குப் பாத்திரம், வலது பக்கம் கழுவினது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக்கூடக் கூடாது. மிச்சம் மீதி சிங்க்கில் விழக்கூடாது; முதலில் மூடி போட்ட வாளிக்கு, அங்கிருந்து எருக்குழிக்கு. உடைந்த பழைய இட்லித் தட்டு ஒன்றைத் தேடி எடுத்து அதன்மேல் சோப்பை வைத்தாள். தண்ணீர் ஓட்டை வழியே வடிந்துவிடும், சோப்பு காய்ந்தே இருக்கும். துணி மூன்று, ஆணி மூன்று. கண்ணாடிக்கு வெள்ளை, தட்டுக்குக் கட்டம் போட்டது, மேடைக்குப் பழைய வேட்டி. மாற்றி எடுத்தால் கையில் தட்டுவாள்.

"கண்ணாடி மொதல்ல. காப்பிக் கப்பு பொறவு. தட்டு அதுக்கும் பொறவு. எண்ணெச் சட்டி கடைசி. பங்களாவுல இதுல ஒன்னு மாறிப்போச்சுன்னா அன்னைக்குப் பூராவும் பேச்சு வாங்கோணும்."

"இது பங்களா இல்லம்மா."

"சிங்கு சிங்குதான் கண்ணு."

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் காலத்தில் அவர் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர். பங்களாவின் முன் வராந்தா வரைக்கும் போயிருக்கிறார், உள்ளே போனதில்லை. இப்போது பங்களாவே அவர் வீட்டுக்குள் வந்துவிட்டது. பழைய எஸ்டேட் ஆட்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் எங்கள் சிங்க்கைப் போட்டோ எடுத்துப் போட்டார். எடுக்கும்போது அம்மாவை, "சித்த தள்ளி நில்லு" என்றார். அம்மா தள்ளி நின்றாள். போட்டோவில் இட்லித் தட்டு சோப்பு வரைக்கும் எல்லாம் இருந்தது.

காலையில் காப்பிக்கு அவர் போடுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும்.

"அருக்காணி!"

"வந்துட்டனுங்க ரைட்டரய்யா!"

எஸ்டேட்டில் விடிந்ததும் வேலையாட்களை வரிசையில் நிறுத்தி ரைட்டர்தான் பேர் கூப்பிடுவார். ரிட்டையர் ஆகியும் அந்தக் குரல் அவரை விட்டுப் போகவில்லை. பேர் கூப்பிட்டதும் பதில் சொல்லுகிற பழக்கம் அம்மாவையும் விட்டுப் போகவில்லை. சம்பந்தி என்று அவர் ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. திட்டினதும் இல்லை. திட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மா வந்த பிறகு என் டிபன் டப்பாவை நான் ஒரு நாளும் கழுவவில்லை. சாயங்காலம் சிங்க்கில் போடுவேன். காலையில் அது மூடியும் டப்பாவுமாகக் காய்ந்து, வலது பக்கத்தில் எனக்காகக் காத்திருக்கும். எடுத்துக்கொண்டு போவேன். படித்தவள்.

*

இன்று ஞாயிற்றுக்கிழமை. சேலத்திலிருந்து விருந்தாளி வருகிறார் என்று மாமா கறி வாங்கி வரச் சொன்னார். ஒண்டிக்கடை ரவுண்டானாப் பக்கம் டூரிஸ்ட் வேன்களுக்கு நடுவே புகுந்து போய்க்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க பேங்க்கு அம்மிணி! பாத்தும் பாக்காத மாதிரி போறீங்க?"

பூவாயி அக்கா. தலையில் துணி மூட்டை.

"அட, எப்பங்கக்கா வந்தீங்க? அடிவாரத்துல தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க."

அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "அடிவாரமா? எனக்கு அங்க ஆருங்க தங்கச்சி? கூடப் பொறந்ததெல்லாம் தடிப்பசங்க."

"அப்புறம் ஏன் ஊட்டுக்கு வர்றதில்ல?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. உங்க மாமனாருதான் நின்னுக்கச் சொல்லிட்டாரு. 'அதான் அருக்காணி இருக்குதே, நீ எதுக்கு'ன்னாரு. நானும் செரின்னுட்டு வந்துட்டேன். இப்ப லாட்ஜுக்காரங்க போர்வை தொவைச்சுக்கிட்டுக் கெடக்கறேன். பனியில கையி வெறைச்சுப் போகுது, நொம்பச் சீரழிவு."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எனக்குத் தெரியாதுக்கா."

"ஒரே ஊட்டுக்குள்ள இருக்கறீங்க. அந்தச் சிங்குல உங்க தட்டையும் ஆரோ கழுவறாங்கல்ல?" அவள் குரலில் கோபமில்லை. கோபமிருந்தாலாவது தேவலை. "என்னை வுடுங்க. நானாச்சும் தேச்சுப்போட்டு என்ற ஊட்டுக்குப் போயிருவேன். உங்கம்மா எங்கீங்க போவா?"

கறிக்கடைக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"ஆமாங்க, மறந்தே போச்சு" என்று பூவாயி மூட்டையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள். "நாகலூர் ரோட்டுல எங்க ஊட்டுக்குப் பக்கத்து ஊடு காலியாக் கெடக்குது. சாவி எங்கிட்டத்தான் குடுத்து வெச்சிருக்காங்க. பேங்க்குல ஆராச்சும் தேடுனாச் சொல்லுங்க. சிங்கு கிங்கெல்லாம் கெடையாது. வாசல்ல ஒரு தொட்டி, ஒரு தொவைக்கற கல்லு, அவ்வளவுதான்."

*

வீட்டுக்கு வந்ததும் கண்ணனைப் பின்பக்கம் இழுத்தேன்.

"பூவாயக்காவ நிறுத்துனது உங்களுக்குத் தெரியுமா?"

கண்ணன் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். "அப்பா ஏதோ சொன்னாரு... அத்தை இருக்காங்கன்னு..."

"அத்தை இருந்தா?"

"சுதா, மெல்லப் பேசு. விருந்தாளி வர்ற நேரம். சாயந்தரம் பேசிக்கலாம்."

இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு சாயங்காலம் இருக்கிறது. அது வருவதே இல்லை.

நல்ல மனசுக்காரன்தான். காதலித்தபோது எனக்காக அப்பாவோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவன். பேசாமல் இருப்பது அவனுக்கு நன்றாக வரும். இப்போதும் அதையேதான் செய்கிறான்.

அம்மாவிடம் போனேன். மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள்.

"பூவாயக்கா அடிவாரத்துல இல்லை. ஒண்டிக்கடையில பாத்தேன்."

கை ஒரு நொடி நின்றது. "அப்படியா? வந்துட்டாளா?"

"ஏம்மா பொய் சொன்ன?"

"கொத்தமல்லி கிள்ளிக் குடு கண்ணு. நேரமாகுது."

மாமா சொல்லச் சொல்லித்தான் சொல்லியிருப்பாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வேறு மாதிரி இருக்கும் என்று யோசிக்கக்கூட இல்லை.

*

விருந்தாளியின் பேர் ஜீவானந்தம். எஸ்டேட்டில் ஸ்டோர்கீப்பராக இருந்து, ரிட்டையர் ஆனதும் சேலத்தில் வீடு கட்டிக்கொண்டு போனவர். எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. மலை உச்சியில் சேர்வராயன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்ட கல்யாணம். வந்தவர்களே ஏழெட்டுப் பேர்.

"மொதல்ல அந்தச் சிங்கைக் காட்டு சிகாமணி. அதுக்குத்தானே பஸ் ஏறி வந்தேன்" என்று சிரித்தபடியே வந்தார். மாமா அவரை நேராகச் சமையலறைக்குக் கூட்டி வந்தார். கை கழுவுவதற்கு வாசலில் குழாய் இருக்கிறது. அதெல்லாம் இன்றைக்கு இல்லை.

"அடடடா. தொரைமாருங்க காலத்துப் பங்களாச் சமையல்கட்ட அப்படியே பேத்துக் கொண்டாந்து வெச்ச மாதிரி இருக்குதே!"

மாமா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ஆணியில் தொங்கிய துணிகளை அவரே காட்டினார். "இது கண்ணாடிக்கு. இது தட்டுக்கு. மாத்தவே கூடாது." அந்தத் துணிகளில் ஒன்றை அவர் தொட்டு எடுத்து நான் பார்த்ததில்லை.

ஜீவானந்தம் கையைக் கழுவித் திரும்பினார். அம்மா மடித்த துண்டை முன்கையில் போட்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, நீட்டிக்கொண்டு நின்றாள். பங்களாவில் நிற்கிற மாதிரியே.

அவர் துண்டை வாங்கிவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்.

"அட! நம்ம பங்களா அருக்காணியா? அதானே பாத்தேன்! இப்ப இங்கதான் வேலையா?"

சமையலறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். நான்கு பேருக்குப் பதில் தெரியும்.

"ஆமாமா... இங்கதான் இருக்குது" என்றார் மாமா.

கேட்டவர் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டார். கண்ணன் செல்போனைப் பார்த்தான். நான் அப்பளம் பொரித்த எண்ணெயைப் பார்த்தேன்.

உட்கார்ந்து சாப்பிடும்போது அவருக்குப் பழைய ஞாபகமெல்லாம் வந்தது. கறிக்குழம்பு கொண்டுவந்த அம்மாவை நிறுத்தினார்.

"உனக்கொரு பொட்டப்புள்ள இருந்துச்சே. ரெட்டச் சடை போட்டுக்கிட்டு, பங்களாப் பின்கட்டுல ஒக்காந்து எந்நேரமும் படிச்சுக்கிட்டிருக்குமே. வாயாடிப் புள்ள. ஒரு நாளு எங்கிட்டயே சண்டைக்கு வந்துச்சு. அது எங்க இப்ப?"

அந்த வாயாடிப் புள்ள ரசக் கிண்ணத்தோடு அவருக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தது.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. கரண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நல்லா இருக்குதுங்கய்யா. நல்ல எடத்துல வாக்கப்பட்டிருக்குது."

"சந்தோசம். உன்னைய வந்து பாக்குதா?"

"பாக்குதுங்க. தெனமும் பாக்குது."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தானுங்க என்று. அதற்கு பி.காம். வேண்டாம், எதுவும் வேண்டாம், வாய் இருந்தால் போதும். பேங்க்கில் மேனேஜரையே எதிர்த்துப் பேசுகிறவள் நான். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"ரசம் ஊத்தட்டுங்களா?"

ஊற்றினேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நடுங்கியாவது இருக்கலாம்.

*

அவர்கள் எழுந்து ஹாலுக்குப் போனார்கள். கண்ணனும் போனான். சிங்க்கின் இடது பக்கம் நிறைந்திருந்தது. அம்மா அதைத் தொடப் போனாள்.

"நீ மொதல்ல சாப்புடும்மா."

"கழுவிப்போட்டுச் சாப்புடறேன்."

"இப்பவே சாப்புடு."

என் குரல் அவளுக்கு என்னவோ போல இருந்திருக்க வேண்டும். சரி என்றாள். நான் வலது பக்கத்திலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினேன்.

"அது வேண்டாஞ் சாமி. என்ற தட்டு இருக்குது."

"எங்க?"

அம்மா குனிந்தாள். சிங்க்குக்குக் கீழே கதவைத் திறந்தாள். வாளியை நகர்த்தினாள். பினாயில் பாட்டிலை நகர்த்தினாள். பின்னால், குழாய் வளைந்து சுவருக்குள் போகிற இடத்தில், ஒரு துணி மூட்டை. அவிழ்த்தாள். ஓரம் பெயர்ந்த பீங்கான் தட்டு ஒன்று. ஒரு டம்ளர். இரண்டும் பளபளவென்று இருந்தன. துணியும் வெளுத்தே இருந்தது.



"ஆரு இதை இங்க வெக்கச் சொன்னது?"

"ஆரும் சொல்லலையே."

"மாமாவா?"

"அவருக்கு இதெல்லாம் எங்க தெரியும். நான்தான் வெச்சேன். பங்களாவுல நம்முளுது அங்கதானே இருக்கும்?" என்னவோ நான்தான் விவரமில்லாதவள் போல என்னைப் பார்த்தாள். "ஒவ்வொன்னும் அதனதன் எடத்துல இருந்தாத்தான் கண்ணு சிங்கு சுத்தமா இருக்கும்."



சோப்புக்கு இடம் பார்த்தாள், துணிக்கு ஆணி அடித்தாள், சக்கைக்கு மூடி போட்ட வாளி வைத்தாள். அப்படியே தனக்கும் ஓர் இடம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். பினாயிலுக்குப் பின்னால். தன் மகள் வீட்டில். ஒருத்தரும் சொல்லாமல். இத்தனை நாளாக அந்தச் சிங்க்கில் டப்பா போட்ட நான், ஒரு தடவை கீழே குனிந்து பார்க்கவில்லை.

அம்மா சுவரோரம் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டாள். அடிச்சோறும், கறியில்லாத குழம்பும். வேகமாகச் சாப்பிட்டாள். ஹாலிலிருந்து, "அருக்காணி! வெத்தலை!" என்று சத்தம் வந்தது.

"வந்துட்டனுங்க!" வாயில் சோறோடு சொன்னாள். எழுந்து தட்டைக் குழாய்க்குக் கீழே கொண்டு போனாள்.

நான் பிடுங்கினேன்.

"என்ன கண்ணு?"

"வெத்தலை நான் கொண்டு போறேன்."

வெற்றிலையை ஒரு கையிலும் தட்டை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

*

"எங்கம்மா சாப்பிட்ட தட்டு இது. நீங்க கழுவுங்க மாமா."

முதலில் பேசியது ஜீவானந்தம்தான். பாவம், அவருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

"எங்கம்மாவா?" தட்டைப் பார்த்தார். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கண்ணு... அந்தப் புள்ளையா நீயி?"

"நாந்தானுங்க. ரசம் ஊத்துனனே, அதே புள்ளதான்."

அவர் தலை குனிந்துகொண்டார்.

மாமா விரலில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்தார். "என்ன சாமி இது? பெரியவங்க இருக்கற எடத்துல எச்சத் தட்டைக் கொண்டாந்து வெச்சுக்கிட்டு... நான் உங்கம்மாவ ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருக்கறனா? அவளையே கேளு."

"பேசலீங்க. பேரு மட்டுந்தான் கூப்புட்டீங்க. இவரு வேலையான்னு கேட்டப்ப, இங்கதான் இருக்குதுன்னீங்க. பூவாயக்காவ நிறுத்திப்போட்டு எங்கம்மாவச் சிங்குகிட்ட நிறுத்துனீங்க."

"நானா நிறுத்துனேன்?" மாமாவின் குரல் ஏறியது. முகத்தில் நிஜமாகவே வலி இருந்தது. "அருக்காணி! நீயே சொல்லு. பூவாயி வேண்டாம்னு எங்கிட்ட வந்து நின்னது ஆரு?"

பேர் கூப்பிட்டார். அம்மா பதில் சொன்னாள்.

"நாந்தான் கண்ணு."

டி.வி.யில் எவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணன் எழுந்து போய் அதை அணைத்தான்.

"நீயா?"

"ஆமா. சும்மா ஒக்காந்து உங்கூட்டுச் சோத்தத் தின்னா எனக்குத் தொண்டையில எறங்குமா? மகளக் கட்டிக்குடுத்த எடத்துல என்னன்னு சொல்லி நான் இருக்கறது? இந்தச் சிங்கு என்ற பொறுப்புன்னு ஒன்னு இருந்துச்சு. அதைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். வேளாவேளைக்குத் தின்னேன், படுத்தேன், உன்ற மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்." அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். "அந்தத் தட்டை ஆரும் பாக்கக்கூடாதுன்னுதானே அத்தனை கீழ வெச்சேன். நீ அதைக் கொண்டாந்து நடு ஊட்டுல வெச்சிருக்கற."

அவள் வெட்கப்பட்டது மாமாவால் இல்லை. என்னால்.

சமையலறையில் பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டேன். இங்கே, அவள் ஒளித்து வைத்ததை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டேன். இரண்டும் ஒரே மத்தியானத்தில். அம்மாவின் மானத்துக்காகச் சண்டை போடுகிறேன் என்று நினைத்தேன். பாதி என் மானத்துக்காகத்தான்.

தெரிந்தது. முகம் எரிந்தது. ஆனாலும் தட்டைத் திரும்ப எடுக்கவில்லை. கேட்ட முறை தப்பு, கேட்டது தப்பில்லை.

ஜீவானந்தம் எழுந்தார். "நான் கெளம்பறேன் சிகாமணி. அடுத்த பஸ்ஸு இருக்கும்." அம்மாவைத் தாண்டிப் போகும்போது நின்றார். கை எழுந்தது, கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியிலேயே நின்றது. "தெரியாமக் கேட்டுப்போட்டேன்..." என்றார். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அப்படியே போய்விட்டார்.

கண்ணன் என் பக்கத்தில் வந்தான். "குடு சுதா, நான் கழுவறேன். சத்தம் போடாதே. அப்பா சித்த நேரம் உள்ள படுக்கட்டும், அப்பறம் நானே போய்..."

"ஆரும் பாக்காதப்பக் கழுவறதுக்கா நான் கேட்டேன்?"

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

மாமா தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி சொன்னார், "என்ற பொண்டாட்டி இருந்தப்பக்கூட நான் தட்டு கழுவுனதில்லை." அதில் திமிர் இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்கிற மாதிரி சொன்னார். தட்டு கழுவாதது ஒரு விஷயம் என்றே அவருக்கு அதுவரை தோன்றியதில்லை.

"தெரியுங்க மாமா" என்றேன். "அதனாலதான் கேட்டேன்."

*

அறைக்குள் போய்ச் சால்வையை எடுத்துக்கொண்டேன். செருப்பைப் போட்டேன். கண்ணன் பின்னாலேயே வந்தான்.

"எங்க போற?"

"நாகலூர் ரோட்டுக்கு. பூவாயக்கா ஊட்டுக்குப் பக்கத்துல ஒரு ஊடு காலியா இருக்குது. சாவி வாங்கியாறேன்."

"கோவத்துல பேசாதே."

கோபம் இருந்தது. ஆனால் முடிவு கோபத்தில் எடுத்ததில்லை. அது ஹாலில் எடுத்ததும் இல்லை. அம்மா குனிந்து பினாயில் பாட்டிலை நகர்த்தினாளே, அப்போதே எடுத்தாகிவிட்டது. மற்றதெல்லாம் வாய்ச் சத்தம்.

"ஆருக்கு ஊடு?"

"எங்கம்மாவுக்கு. எனக்கு. அங்க சிங்கு இல்ல. கீழ ஒளிச்சு வெக்க எடமும் இல்ல."

"அப்ப நானு?"

அவன் கேட்ட விதத்தில் திரும்பி அவனைப் பார்த்தேன். ஆறு மாதம் அப்பாவோடு பேசாமல் இருந்தவன்தான் இவன்.

"உங்களுக்கு வழி தெரியும். வந்தீங்கன்னா உங்க தட்டை நீங்கதான் கழுவோணும். பகல்ல. வாசல்ல. தெருவே பாக்கும்."

அம்மா நகரவில்லை. சமையலறை வாசலிலேயே நின்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். ஈரம், சோப்பு வாசனை. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது.

"தகரப் பெட்டிய எடுத்து வையிம்மா. சாயந்தரத்துக்குள்ள வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

"நான் வரல."

"அம்மா..."

"நல்ல எடத்துல வாக்கப்பட்டிருக்குதுன்னு இப்பத்தானே ஒருத்தருகிட்டச் சொன்னேன். அதுக்குள்ள என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போடாதே சாமி." கையை உருவிக்கொண்டாள். "பாத்திரம் அப்படியே கெடக்குது. காஞ்சு போகும்."

"கெடக்கட்டும்."

"எப்படிக் கெடக்கும்?"

அதற்கு மேல் அங்கே நின்றால் நானே சேலையைச் செருகிக்கொண்டு சிங்க் முன்னால் போய் நின்றுவிடுவேன் என்று தோன்றியது. எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாளைக் காலையில் என் டிபன் டப்பா வலது பக்கத்தில் காய்ந்திருக்கும்.

வாசலைத் தாண்டினேன். பனி ரோட்டை மூடிக்கொண்டு வந்தது. கேட்டைத் திறக்கும்போது ஹால் ஜன்னல் வழியாக டீப்பாய் தெரிந்தது. பாக்குத் தட்டு இருந்தது. வெற்றிலை இருந்தது.

பீங்கான் தட்டைக் காணோம்.

உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. யார் திறந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. யார் திறந்திருந்தாலும் சாவி வாங்கத்தான் போகிறேன்.

நாகலூர் ரோட்டுப் பக்கம் நடந்தேன்.